ஒரு சம்பளம், இரண்டு அடுப்பு

கேள்வி: எனக்கு வயது 29. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 20,500 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆவணி கடைசியில் கிளம்பச் சொல்கிறார்கள். ஈசூனில் இருக்கும் நண்பன் தன் அறையில் இடம் தருகிறான், என் பங்கு வாடகை 550 வெள்ளி. ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார். மூன்று மா நிலத்தை ஒத்திக்கு விடலாம் என்கிறார் மாமனார். இல்லாவிட்டால் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். வீட்டில் அம்மா (சர்க்கரை உண்டு), மனைவி, நாலு வயது மகள். இப்போது வீட்டுச் செலவு 18,000 ரூபாய் ஆகிறது. மாதம் இரண்டு லட்சம் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். சரியாக வருமா? மனைவியையும் மகளையும் எப்போது அழைத்துக்கொள்ள முடியும்?

அன்புள்ள தம்பிக்கு,

மாதம் இரண்டு லட்சம் வராது. ஒன்றரை லட்சம் வரும். அது சின்னத் தொகை இல்லை. கடன் அடையும், வீடும் நிமிரும். ஆனால் வீட்டில் சொன்ன வார்த்தையை விமானம் ஏறுவதற்கு முன்பே திருத்திச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னால் "போனதும் மாறிட்டான்" என்றுதான் பேச்சு வரும். கும்பகோணத்தில் 22 வருஷமாக ஆடிட்டராக இருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் கணக்குதான் என்னிடம் அதிகம். இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கு 68 ரூபாய் என்று வைத்தால் 3,800 வெள்ளி 2,58,400 ரூபாய் ஆகிறது. உங்கள் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளியை ரூபாயாக்கிப் பார்ப்பதற்கு முன் அங்கே ஆகும் செலவை வெள்ளியிலேயே கழித்துவிட வேண்டும்.

வாடகை 550. கரண்டு, தண்ணீர், இணையத்தில் உங்கள் பங்கு 50. சாப்பாட்டுக்கு 350 போடுகிறேன். காலையும் இரவும் அறையில் சமைத்து, மதியம் மட்டும் வெளியே சாப்பிட்டால்தான் இது போதும். மூன்று வேளையும் வெளியே என்றால் போதவே போதாது. உணவங்காடியில் ஒரு வேளைக்கு ஐந்து, ஆறு வெள்ளி ஆகிவிடுகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் நம் ஊர் கேன் தண்ணீர்ச் செலவு அங்கே இல்லை. பஸ், ரயிலுக்குத் தூரத்தைப் பொறுத்து ஒரு தடவைக்கு ஒன்றேகால் வெள்ளியிலிருந்து இரண்டரை வெள்ளி வரை ஆகும், மாதம் 100 வைப்போம். போன் 20. முடிவெட்டு, சோப்பு, துணிமணி, சின்ன மருந்து மாத்திரை எல்லாவற்றுக்கும் 80. மொத்தம் 1,150 வெள்ளி. ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். கடையில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் அது சேர்ந்தே இருக்கும்.

இந்த 1,150 வரைக்கும் எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் மூன்று தொகை இருக்கிறது.

முதலாவது வரி. நம் ஊரில் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பது போல அங்கே மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். ஒரு காலண்டர் ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் பில் வரும். நீங்கள் செப்டம்பரில் சேர்ந்தால் முதல் ஆண்டு வருமானம் மூன்றரை மாதத்துக்கு 13,300 வெள்ளி. வரிக் கணக்கில் உள்நாட்டுவாசி என்று எடுத்துக்கொள்ளப்படுபவர்களுக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. இரண்டு ஆண்டிலும் சேர்த்துத் தொடர்ந்து 183 நாளாவது வேலை பார்த்தால் அந்த முதல் ஆண்டுக்கும் உங்களை உள்நாட்டுவாசியாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் ஆண்டுக்கு வரி வராது, "இங்க வரியே இல்லை" என்று தோன்றும். அடுத்த முழு ஆண்டில் 45,600 வெள்ளி சம்பாதிப்பீர்கள். அதற்குச் சுமார் 870 வெள்ளி வரி, அதற்கும் அடுத்த ஆண்டு மொத்தமாக வந்து நிற்கும். வட்டியில்லாத் தவணையாகக் கட்ட வழி உண்டு. என்றாலும் முதல் மாதத்திலிருந்தே 75 வெள்ளியைத் தனியாக ஒதுக்குங்கள். மனைவி, பிள்ளைக்காகக் கிடைக்கும் கழிவுகளைக் கேட்டு வாங்கினால் பில் இன்னும் குறையும். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்கு வர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசிச் சம்பளம் கையில் வரவில்லை என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

இரண்டாவது, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டுக்கு 50. மூன்றாவது, ஆபத்துக்கு 100. எஸ் பாஸ் அந்த ஒரு முதலாளியோடு கட்டிய பாஸ். அது ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் அங்கே இருக்கலாம். உங்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியது முதலாளி பொறுப்பு, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆனது. பல் வலி என்று போனால் உங்கள் பையில் இருந்துதான் போகும், அங்கே பல் வைத்தியம் விலை ஜாஸ்தி. கிளம்புவதற்கு முன் பல்லையும் கண்ணையும் இங்கேயே காட்டிவிட்டுப் போங்கள்.

ஆக 1,150-ம் 225-ம் போக மிச்சம் 2,425 வெள்ளி. ஓவர்டைமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் அது ஆபத்துப் பணத்தில் சேரட்டும். வெள்ளியின் விலை ஏறி இறங்கும் என்பதால் நான் எப்போதும் மூன்று ரூபாய் குறைத்தே போடுவேன். 65 ரூபாய் என்றால் 1,57,600 ரூபாய் சொச்சம். வீட்டில் சொல்ல வேண்டிய எண் இதுதான். அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குச் செல்லாது.

அந்த இரண்டு மாதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டெல்டாவிலிருந்து போகிறவர்கள் சறுக்குவது அங்கேதான். ஆவணி கடைசி என்றால் செப்டம்பர் நடு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அக்டோபர் முதல் வாரத்தில் அரை மாதச் சம்பளம் 1,900 வெள்ளி வரும். முழுச் சம்பளத்தை நவம்பர் முதல் வாரத்தில்தான் பார்ப்பீர்கள். இறங்கிய அன்றே வாடகை 550, முன்பணம் இன்னொரு 550. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், ஒரு வருஷத்துக்கு உங்கள் பங்கில் 26 வெள்ளி. மெத்தை, போர்வை, குக்கர், பாத்திரத்துக்கு 150. சம்பளம் வரும்வரை சாப்பாடு, போக்குவரத்து, போன் 400. கிட்டத்தட்ட 1,700 வருகிறது. 1,800 வெள்ளியாகக் கையில் கொண்டு போங்கள், அதாவது 1,22,400 ரூபாய். வங்கியிலோ உரிமம் உள்ள நாணய மாற்றுக் கடையிலோ வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வரும் அரைச் சம்பளத்தில் மிஞ்சுவதை அனுப்பாதீர்கள். உங்கள் ஆபத்துப் பணத்துக்கு அதுதான் விதைநெல்.

இதே இரண்டு மாதத்தில் ஊரில் என்ன நடக்கும்? ஆவணியில் நாற்றங்கால் விட்டிருப்பீர்கள். புரட்டாசியில் உழவு, நடவு, ஆள் கூலி. ஐப்பசியில் களை, மேலுரம். பல வருஷங்களில் நீங்கள் முதல் பணம் அனுப்புவதற்கு முன்பே தீபாவளி வந்துவிடும். வாங்கிய கடனுக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு பைசா அனுப்ப முடியாத நேரத்தில்தான் வீடு அதிகமாக எதிர்பார்க்கும். "ஐப்பசி கடைசியில்தான் முதல் பணம் வரும், தீபாவளிக்கு வராது" என்று மனைவியிடமும் அம்மாவிடமும் தேதி போட்டுச் சொல்லுங்கள். அதுவரை வீட்டுக்கும் வயலுக்கும் தேவையானதை ஒதுக்கி மனைவி கணக்கில் போட்டுவிட்டு ஏறுங்கள். அந்த ஒதுக்கீடும் 1,22,400-ம் இல்லாமல் புறப்படுவதைவிட ஒரு மாதம் தள்ளிப் போவது நல்லது என்றுதான் சாதாரணமாகச் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் தள்ளிப் போடவும் தயக்கமாக இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுகிறார். சிங்கப்பூர்ச் சம்பளம் இங்கே வரிக்கு வராது. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-க்குள் கிளம்பியாக வேண்டும், அதாவது புரட்டாசி 10, 12-க்குள். அதைத் தாண்டினால் மார்ச் வரை அங்கே வாங்குகிற சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டிவரும். அதனால் பணத்தை இப்போதே திரட்டுங்கள். தேதியைக் கடைசி நாளுக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

இனி ஏஜென்ட். நாலரை லட்சத்தை எதற்காகக் கேட்கிறார்? நம் நாட்டில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் முகவர் ஒருவர் நடுவில் இருந்தால் அவருடைய உரிமத்தை மனிதவள அமைச்சின் தளத்தில் பார்க்கலாம். "லெவி கட்டணும்" என்று சொன்னால், அது வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொள்வதற்காக முதலாளி அங்குள்ள அரசுக்குக் கட்ட வேண்டியது, உங்களிடம் வசூலிக்கக் கூடாது. வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவதும், சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பதும் அங்கே குற்றம். ஒவ்வொரு ரூபாய்க்கும் யார் பெயரில் ரசீது என்று கேளுங்கள். ரசீது இல்லாத தொகையைக் கொடுக்காதீர்கள். கேட்ட பிறகு தொகை பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேசவே மறுத்து எழுந்து போன ஏஜென்டையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் எழுந்து போனால் அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

மாமனார் நல்ல மனதோடுதான் ஒத்தியைச் சொல்கிறார், வட்டி இல்லை என்பது அவர் கணக்கு. ஆனால் முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த மூன்று மாவையும் ஒத்திக்காரர் உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். தை, மாசியில் அறுத்து, வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறீர்களே, அது நின்றுவிடும். அரிசியைக் கடையில் வாங்க வேண்டும். இப்போதைய 18,000 ரூபாய் வீட்டுச் செலவில் அரிசிக்கென்று தொகை இருக்காது என்று நினைக்கிறேன், ஒத்தி விட்டால் அது புதிதாக முளைக்கும். அம்மாவுக்கு வயலோடு இருக்கும் வேலையும் போகும். ஒத்தி வேண்டாம்.

நூற்றுக்கு இரண்டு என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். நாலரை லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள், வட்டி இதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்துவிட்டுக் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பதை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. மோசமான கணக்கையே போட்டுப் பார்க்கிறேன்: நாலரை லட்சமும் கைப்பணமும் சேர்த்து 5,70,000 கடன், இரண்டு வட்டி. நவம்பரிலிருந்து மாதம் 1,19,000 கட்டினால் சித்திரை பிறப்பதற்குள் அடைந்துவிடும். நகைக்கடன் என்றால் இன்னும் சுலபம்.

அந்த 1,19,000 எப்படி வந்தது என்றால், 1,57,000-த்தில் வீட்டுக்கென்று 38,000-ஐத்தான் எடுத்திருக்கிறேன். அதை எழுதும்போது எனக்கு ஒரு பாஸ்புக் ஞாபகம் வருகிறது. பாபநாசம் பக்கத்துக்காரர் ஒருவர் நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கம் பக்கமாக ஒரே மாதிரி இருந்தது. எட்டாம் தேதி பெரிய வரவு. ஒன்பதாம் தேதி ஏடிஎம்மில் 10,000, பத்தாம் தேதி மறுபடி 10,000, அன்றைக்கே சிமெண்டுக் கடைக்கு ஒரு மாற்றல். பன்னிரண்டாம் தேதி இருப்பு நானூற்றுச் சொச்சம். 48 மாதமும் அப்படித்தான். அவர் அங்கே கச்சிதமாக வாழ்ந்தவர், செலவை நோட்டில் எழுதி வைத்திருந்தார். இங்கே யாரும் தப்பாகவும் செலவழிக்கவில்லை. மாடி எடுத்தார்கள், சொந்தக்காரர் கல்யாணத்தில் முன்பு 500 எழுதிய இடத்தில் 5,000 எழுதினார்கள், மச்சினனுக்கு வண்டி வாங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வருகிற வீடு என்றால் ஊர் அப்படித்தான் பார்க்கும். வந்த பணம் முழுவதும் ஒரே கணக்கில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்ததுதான் அங்கே நடந்த பிழை.

அதனால் பணத்தை முதலிலேயே பிரித்துவிடுங்கள். வெளிநாடு வாழ்பவராக ஆனதும் உங்கள் இப்போதைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடு வாழ்பவர் இங்குள்ள வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். கூடவே, வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட ஒரு என்ஆர்இ கணக்குத் தொடங்குங்கள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை, தேவைப்பட்டால் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கும் கொண்டுபோகலாம். சம்பளப் பணம் என்ஆர்இ-க்கு வரட்டும். அங்கிருந்து மாதம் 25,000 மட்டும் மனைவியின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும்.

நம் வீட்டுச் செலவு மாதச் செலவு இல்லை, பருவச் செலவு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிற வருஷம் குறுவை உண்டு, அதற்கு ஆடிக்கு முன்பே பணம் வேண்டும். திறப்பு தள்ளிப்போனால் சம்பா மட்டும்தான். அதனால் மாதம் 5,000 வயலுக்கென்று ஒரு தொடர் வைப்பில் சேரட்டும். மொய், காதுகுத்து, கோயில் திருவிழாவுக்கு இன்னொரு 5,000. மொய்க்கு எவ்வளவு என்று உங்களிடம் போனில் கேட்கக் கூடாது, அந்தக் கணக்கில் இருப்பதைப் பார்த்து மனைவியே முடிவு செய்யட்டும். அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்தான் இங்கே நின்று ஊருக்குப் பதில் சொல்லப் போகிறவர்.

மீதி 3,000 மருத்துவக் காப்பீட்டுக்கு. நீங்கள் கடிதத்தில் எழுதாத விஷயம் இது. 20,500 சம்பளம் என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும், அதற்கான சம்பள வரம்பு 21,000. அம்மாவின் சர்க்கரை மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது என்றால், வேலையை விட்ட சில மாதத்தில் அது நின்றுவிடும். ஏற்கனவே இருக்கும் நோய்க்குத் தனியார் காப்பீட்டில் மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். பாலிசி எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காதீர்கள், மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு இன்றிலிருந்தே கழியத் தொடங்கும்.

உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாற்றாக, அனுப்பச் சொல்லி அங்கே யாராவது வருவார்கள். ரேட் நாலணா கூடுதலாகக் கிடைக்கும், பணம் அன்று மாலையே வீட்டு வாசலுக்கு வரும். அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. நாளைக்கு நிலமோ மனையோ வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. வங்கி வழியாகவோ உரிமம் உள்ள பணமாற்று நிறுவனம் வழியாகவோ மட்டும் அனுப்புங்கள்.

மனைவி, மகளை அழைத்துக்கொள்ள நிரந்தர மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். இப்போதைக்கு முடியாது. பள்ளி லீவில் அவர்கள் ஒருமுறை வந்து பார்த்துப் போகலாம், அதற்கும் அந்த 50 வெள்ளி டிக்கெட் பணம் உதவும்.

ஒன்று மட்டும் பாக்கி. ஐபிஏ கடிதத்தின் (எஸ் பாஸுக்கு அங்கே தரும் முன் ஒப்புதல் கடிதம்) நகலை நீங்கள் அனுப்பவில்லை. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது ஏற ஏற அது கூடும். நிரந்தர மாதச் சம்பளம் என்ற இடத்தில் 3,800 என்றே இருக்கிறதா, அறை வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ ஏதாவது பிடித்தம் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த எண் வேறாக இருந்தால் நான் போட்ட கணக்கு எல்லாமே மாறும். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.